இஞ்சி பியர் முதல் முறை: உறை பொங்கவே இல்ல, மேல வெள்ளைப் படலம்

கேள்வி: வேலந்தாவளத்தான்

வீட்டுலயே பியர் போடலாம்னு பார்லி மால்ட்டு, கசப்புக்கு ஹாப்ஸ் பூ எல்லாம் எங்கே கிடைக்கும்னு தேடிட்டு, சட்டம் இடிக்கும்னு தெரிஞ்சு விட்டாச்சுங்க. அதுக்குப் பதிலா இஞ்சி பியர். சோடா மெஷின் இல்லாம, தானா கேஸ் வரணும். வீட்டுல எல்லாரும் குடிக்கிற மாதிரியும் இருக்கணும்.

இப்ப ஜிஞ்சர் பக்னு சொல்ற, பானத்தைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் உறை வெச்சிருக்கேன். 1 லிட்டர் கண்ணாடி ஜாடி, 500 மி.லி. பைப் தண்ணி, தோல் சீவித் துருவின இஞ்சி 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன். தினம் ரெண்டும் ஒவ்வொரு ஸ்பூன் போடறேன். இன்னைக்கு அஞ்சாம் நாள். குமிழி சொற்பம். மேல மெல்லிசா வெள்ளைப் படலம். கலக்குனா தண்ணி கொஞ்சம் வழவழன்னு இருக்குது. வாசம் மோசமில்ல. ஜாடி சமையல்கட்டுல இருக்கு, மதியம் அங்கே நல்ல அனல்.

இது தேறுமா, கொட்டிறலாமா? சர்க்கரைக்குப் பதிலா கருப்பட்டி போடலாங்களா? பழைய கோலி சோடா பாட்டில் கொஞ்சம் இருக்கு, 650 மி.லி. பியர் பாட்டிலும் இருக்கு, அதுல அடைக்கலாமா? உறையே வேண்டாம், ஒரு கிளாஸ் கள் ஊத்துனா போதும்னும் ஒருத்தர் சொல்றாரு. குழந்தைகளுக்குக் குடுக்கலாமான்னும் சொல்லுங்க. சேர்மானம் கிராம் கணக்குல குடுத்தா உபயோகமா இருக்கும்.

பதில்: கூடலூர் இஞ்சிமூட்டை

படலத்தை முதல்ல பார்ப்போம். வெள்ளையா, தட்டையா, சுருக்கம் விழுந்தாப்ல தண்ணி மேல படர்ந்திருந்தா அது காத்துல வளர்ற ஒரு வகை ஈஸ்ட். கெடுதல் இல்ல, ருசியைத்தான் மட்டமாக்கும். கரண்டியால வழிச்சுப் போடுங்க. பஞ்சு மாதிரி முடி முளைச்சு பச்சை, நீலம், கருப்புன்னு நிறம் காட்டுனா பூஞ்சை. அதுல மேல மட்டும் எடுத்துட்டு கீழே இருக்கறதைக் காப்பாத்தற வேலை வேண்டாம், மொத்தமாக் கொட்டிருங்க.

நீங்க சொன்னதுல முக்கியமான துப்பு அந்த வழவழப்பு. லியூகோனாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா இனம் இருக்கு, இட்லி மாவுல இருக்கறதும் அதுதான். ஈஸ்ட் பலம் பிடிக்கறதுக்கு முன்னாடி அது முந்திக்கிட்டா, வெள்ளைச் சர்க்கரையை டெக்ஸ்ட்ரான்னு ஒரு பசையா மாத்திரும். குடிச்சா ஒண்ணும் ஆகாது, ஆனா நூல் விட்டு இழுபடற பானத்தை யாரு குடிப்பா? புளிப்பு ஏற ஏற அந்த இனம் அடங்கிரும். அதனால இன்னும் கொட்ட வேண்டாம். இப்படிச் செய்யுங்க:

படலத்தை வழிச்சிட்டு, ஜாடில பாதியைக் கீழே ஊத்துங்க. கொதிக்க வெச்சு ஆறின தண்ணி 250 மி.லி., தோலோட துருவின இஞ்சி 30 கிராம், சர்க்கரை 20 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். காலை, மதியம், ராத்திரி மூணு வேளையும் நல்லாக் கலக்குங்க. கலக்குறப்ப போற காத்து ஈஸ்ட் பெருகறதுக்கு உதவும், மேல படலமும் கட்டாது. மூணு நாளைக்குள்ள துருவல் மேல மிதந்து, கலக்குனதும் சோடா மாதிரி சிர்ருன்னு சத்தம் வரணும். வரலைன்னா புதுசா ஆரம்பிச்சுக்கலாம், போறது ஒரு பிடி இஞ்சிதான்.

ஏன் முதல்லயே எழும்பலைன்னா, ரெண்டு காரணம் கண்ணுக்குத் தெரியுது. தோலைச் சீவிட்டீங்க. நமக்கு வேணும்கிற ஈஸ்ட் பெரும்பாலும் அந்தத் தோல் மேலதான் ஒட்டியிருக்கு. ரெண்டாவது, பைப் தண்ணில இருக்கற குளோரின். 10 நிமிஷம் கொதிக்க வெச்சு ஆற வெச்சாலோ, வாயகன்ற பாத்திரத்துல ராத்திரி முழுக்கத் திறந்து வெச்சாலோ அது போயிரும். உங்க பக்கம் போர் தண்ணில குளோரின் இருக்காது, சுண்ணாம்பு இருக்கும். கொதிக்க வெச்சு, அடில வெள்ளையா படியறதை விட்டுட்டு மேலாக ஊத்திக்குங்க. சுண்ணாம்புச் சத்து அதிகமான தண்ணி புளிப்பு ஏறவிடாது. உறை நாள் கணக்கா மந்தமாவே கிடக்கும்.

இஞ்சி விஷயத்துல வெளுத்துப் பளபளன்னு இருக்கறதைத் தொடாதீங்க. மண் ஒட்டினது, உடைச்சா சாறு கசியறது வேணும். வயநாடு, கூடலூர் பக்கம் ரியோ டி ஜெனிரோன்னு ஒரு ரகம் போடறாங்க. நார் கம்மி, சாறு அதிகம், இந்த வேலைக்கு அருமையா இருக்கும். மாரன் ரகம் சுக்குக்குப் பேர் போனது. கோழிக்கோடு நறுமணப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தோட வரதா கிடைச்சாலும் வாங்கலாம். சித்திரை, வைகாசில நட்டது டிசம்பர், ஜனவரில முத்திக் கிளம்பும்; அப்பத்தான் காரம் நிறையும். அதுக்கு முன்னாடி வர்ற இளம் இஞ்சில மணம் உண்டு, காரம் பத்தாது. ஒண்ணரைப் பங்கு போடணும். இன்னும் சுள்ளுன்னு வேணும்னா கொதிக்கிறப்ப ஒரு சின்னத் துண்டு சுக்கு தட்டிப் போடுங்க. காயறப்ப இஞ்சியோட ஜிஞ்சரால் ஷோகாலா மாறிருது, காரத்துல அது ஒரு படி மேல. உறைக்கு மட்டும் பச்சை இஞ்சியேதான்.

கருப்பட்டி: உறைல வேண்டாம். பதநீர் புளிக்காம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்க. எவ்வளவு வடிகட்டினாலும் அதோட மிச்சம் கருப்பட்டில இருக்கும், உறையோட புளிப்பை முறிச்சிரும். பானத்துல மூணுல ஒரு பங்கு வரைக்கும் கருப்பட்டி போடலாம். கரைச்சு, தெளிய வெச்சு, அடி மண்டியை விட்டுட்டு எடுங்க. வெல்லம்னா கறுத்த வெல்லம். மஞ்சளா, வெளுப்பா மினுக்கறதுல ஹைட்ரோஸ்னு வெளுக்க வைக்கிற கந்தக ரசாயனம் போட்டிருப்பாங்க, அந்தக் கந்தகம் ஈஸ்டை அமுக்கும், அழுகின முட்டை வாசமும் கிளப்பும்.

சூடு. பாலக்காட்டுக் கணவாய்ல மார்ச், ஏப்ரல் வெயில் எப்படின்னு உங்களுக்கே தெரியும். உறைக்கு 24லேர்ந்து 28 டிகிரி போதும். அனல்ல பாக்டீரியாதான் ஜெயிக்கும், ஈஸ்ட் பின்தங்கிரும். பானம் புளிக்கும், பொங்காது. அகலத் தட்டுல தண்ணி ஊத்தி ஜாடியை நடுவுல வெச்சு, ஈரத்துணியைச் சுத்தி, நுனி தண்ணில தொங்கற மாதிரி விடுங்க. நாலஞ்சு டிகிரி குறையும். சமையல்கட்டுல இருந்து முதல்ல வெளியே எடுங்க.

பதில்: அடர்த்திமானி

உறையைப் பற்றி மேலே உள்ளவர் சொல்லிவிட்டார். நான் பானத்தின் அளவுகளும் ஆல்கஹால் கணக்கும் மட்டும் சொல்கிறேன்.

2 லிட்டருக்கு: இஞ்சி 100 கிராம், சர்க்கரை 160 கிராம், நடுத்தர எலுமிச்சை 2, கல் உப்பு ஒரு சிட்டிகை, வடிகட்டிய உறை நீர் 100 மி.லி., மற்றதெல்லாம் தண்ணீர்.

இஞ்சியைத் தோலோடு நசுக்கி 700 மி.லி. தண்ணீரில் 10 நிமிடம் மூடிக் கொதிக்கவிடுங்கள். திறந்து வைத்தால் மணம் ஆவியோடு போய்விடும். அடுப்பை அணைத்துச் சர்க்கரை, உப்பு கரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து வடிகட்டுங்கள். ஆறிய தண்ணீரைச் சேர்த்து 1.9 லிட்டர் ஆக்குங்கள். கையில் சூடே தெரியக் கூடாது. 30 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் எலுமிச்சைச் சாறும் உறை நீரும். சூட்டோடு ஊற்றினால் உறை செத்துவிடும், பிறகு இரண்டு நாள் காத்திருந்து ஏமாற வேண்டியதுதான். பாத்திரம் எவர்சில்வர் போதும். புளிப்பு இருப்பதால் அலுமினியமும் பித்தளையும் வேண்டாம்.

750 மி.லி. சோடா பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில், மேலே நான்கு விரல் இடம் விட்டு ஊற்றி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். 25 டிகிரியில் இரண்டு மூன்று நாள், 30-ல் ஒன்று ஒன்றரை நாள். 35-க்கு மேல் போனால் காலையில் அடைத்தது இரவுக்குள் தயாராகிவிடலாம். நாளை நம்பாதீர்கள், பாட்டிலை அழுத்திப் பாருங்கள். கடையில் வாங்கிய சோடா அளவுக்கு விறைத்துவிட்டால் உடனே குளிர்பெட்டி. ஓர் இரவு குளிர்ந்தால்தான் வாயு நீரில் கரைந்து நிற்கும். சூடாகத் திறந்தால் பாதி தரையில்.

இனி ஆல்கஹால். இதில் இணையத்தில் சொல்லப்படுவதில் பாதி பொய். “சும்மா இரண்டு நாள்தானே, ஆல்கஹால் எங்கே வரும்” என்பார்கள். ஈஸ்ட் 1 கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறக்குறைய அரை கிராம் வாயு, அரை கிராம் ஆல்கஹால். ஒன்றை விட்டு ஒன்றைத் தராது. லிட்டருக்கு 5 கிராம் வாயு கரைந்தால் பியர் அளவு நுரை. அதற்கு 10 கிராம் சர்க்கரை செலவாகும். கூடவே 5 கிராம் ஆல்கஹால், கன அளவில் 0.6 சதவீதத்துக்கு மேல். மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளில் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் அது மதுபானக் கணக்கு. ஆக, தானாக நன்றாக நுரைத்த இஞ்சி பியர் அந்தக் கோட்டை ஒட்டியோ தாண்டியோதான் நிற்கும். கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டுமானால் நுரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அளந்து பார்க்க ஒரு ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மானி; சர்க்கரை தீரத் தீர எண் இறங்கும்) வாங்கிவிடுங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஆரம்பத்தில் 1.030 பக்கம் காட்டும். 0.003 இறங்கினால் சுமார் 0.4 சதவீதம், 0.005 இறங்கினால் 0.65. அளக்கும் மாதிரியை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி வாயுவைப் போக்கிவிட்டுப் பாருங்கள். குமிழிகள் மானியைத் தூக்கிவிடும், பொய்க் கணக்கு வரும்.

பாட்டிலை வெளியே மறந்துவிட்டால்? 80 கிராம் சர்க்கரையும் தீர்ந்தால் 5 சதவீத ஆல்கஹால், பியரே ஆகிவிட்டது. வாயு 20 வால்யூம், அதாவது லிட்டருக்கு 20 லிட்டர் வாயு. வழக்கமான சோடாவில் 4 இருந்தாலே அதிகம். அதுவரை எந்தப் பாட்டிலும் பொறுத்திருக்காது.

பதில்: கூடலூர் இஞ்சிமூட்டை

@அடர்த்திமானி கணக்குல ஒண்ணு விட்டுப்போச்சு. உறை நீரிலயும் ஆல்கஹால் இருக்கு. தினம் சர்க்கரை தின்னு வளர்றதாச்சே. அதுல 4 சதவீதம்னு வெச்சாலும், 2 லிட்டர்ல 100 மி.லி. ஊத்துனா இருபதுல ஒரு பங்கு, 0.2 வந்திருது. மானி இறங்குறதுல இது தெரியாது. அதனால 0.003-க்கு முன்னாடியே நிறுத்தணும்.

பதில்: அடர்த்திமானி

சரிதான், சேர்த்துக்கொள்ள வேண்டியது. உறை நீரை 50 மி.லி. ஆகக் குறைத்தால் அது 0.1 ஆகும், ஒரு அரை நாள் தாமதமாகும், அவ்வளவே.

குழந்தைகள், கர்ப்பிணிகள், மது தொடாதவர்கள் குடிக்கும் வீட்டில் இந்தச் சிக்கலே வேண்டாம். உறை சேர்க்காமல் இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை மூன்றையும் இரண்டு மடங்கு அடர்த்தியில் காய்ச்சிக் குளிரவைத்து, குடிக்கும்போது சரிபாதி சோடா கலந்து கொடுங்கள். பெரியவர்களுக்கு நொதித்த ருசி வேண்டுமென்றால், அதே இரண்டு மடங்கு பாகில் உறை சேர்த்து லேசாக நொதிக்கவிட்டு, குளிர்ந்த சோடாவில் சரிபாதி கலக்கலாம். சோடா நுரையைத் தரும், ஆல்கஹால் பாதியாகும்.

பதில்: கோபாலபுரம் செக்போஸ்ட்

சட்டம் இடிக்கும்னு கேள்வி கேட்டவரே சொல்லிட்டாரு, எங்கே இடிக்கும்னும் தெரிஞ்சுக்கட்டும். கேரளத்துல அப்காரி (மது கலால்) சட்டம், கொல்லம் ஆண்டு 1077, அதாவது 1902. தமிழ்நாட்டுல 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். ரெண்டுலயும் ‘மது’ங்கறதுக்குக் குடுத்திருக்கற விளக்கம் ஆல்கஹால் கலந்த எல்லாத் திரவத்தையும் பிடிக்கும், இத்தனை சதவீதம்னு கோடு இல்ல. 0.5 உணவுத் துறை கணக்கு, எக்சைஸ்காரங்க அதைப் பார்த்து விட்டுருவாங்கன்னு எண்ண வேண்டாம். அப்காரி 55-ம் பிரிவுல அனுமதி இல்லாமத் தயாரிச்சா 10 வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். காய்ச்சாத ஊறலை வெச்சிருந்தாலே கேஸ். அவங்க அதைக் கோடான்னு சொல்லுவாங்க. கிறிஸ்துமஸ் சமயத்துல வீட்டு வைனுக்கே எச்சரிக்கை விட்டிருக்காங்க. அதனால மால்ட், ஹாப்ஸ் யோசனையை விட்டது நல்லது. இதையும் சோடா கலந்து குடிக்கிற வழியிலேயே வெச்சுக்குங்க, விக்காதீங்க.

கள் யோசனை சொன்னவருக்கு ஒரு கும்பிடு. பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் கள்ளு ஷாப்புல வாங்கறது சட்டப்படிதான், கள்ளப்பத்துக்கு மாவுல ஊத்தற மாதிரி இதுலயும் ஊத்தலாம்னு தோணும். கள்ளுல ஈஸ்ட் மட்டுமா இருக்கு? சைமோமோனாஸ்னு ஒரு பாக்டீரியா, வினிகர் ஆக்கற பாக்டீரியா எல்லாம் கூட்டமா இருக்கு. ஒரு கிளாஸ் விட்டா சில மணி நேரத்துல பாட்டில் விறைக்கும், ராத்திரில தூங்க முடியாது. கள்ளோட ஆல்கஹாலும் கூடவே வந்திரும். தமிழ்நாட்டுல 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. கேன்ல எடுத்துட்டு வேலந்தாவளம், மீனாட்சிபுரம்னு எந்த வழியா இந்தப் பக்கம் வந்தாலும் தப்புதான்.

பதில்: அடைப்பான்

பாட்டில் கேள்விக்கு யாரும் வரலை.

கோலி சோடா பாட்டில்: வேண்டாம். ஹைரம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய அமைப்பு அது. பாட்டிலைக் கவிழ்த்து மெஷினில் வாயு ஏற்றும்போது கோலி கீழே வந்து ரப்பர் வளையத்தில் அமர்ந்து, வாயு அழுத்தத்தால் அடைபடும். மெஷின் இல்லாமல் வீட்டில் அடைக்க, உள்ளே அழுத்தம் வரும்வரை கோலியைப் பிடித்து வைக்க வழியில்லை. அதற்குள் வாயு கசிந்துவிடும். கழுத்துப் பள்ளத்தில் பிரஷ்ஷும் போகாது.

பியர் பாட்டில்: பலமுறை திரும்ப நிரப்பப்பட்டு உடம்பெல்லாம் உராய்ந்த வெள்ளை வளையம் இருக்கும். கண்ணாடி பலவீனப்படுவது அங்கேதான். கிரவுன் மூடி போடும் கருவி இருந்தாலும், நொதித்தல் எங்கே நிற்கும் என்று தெரியாத திரவத்தை அதில் அடைக்கக் கூடாது. பியரில் சர்க்கரை தீர்ந்த பிறகு அளந்து போட்டு அடைப்பார்கள். இஞ்சி பியரில் பாட்டில் நிறையச் சர்க்கரையை வைத்துக்கொண்டே அடைக்கிறோம். ஒரே பாட்டில், ஆனால் ஆபத்து வேறு.

கம்பி மூடி போட்ட அலங்கார பாட்டில்கள் எண்ணெய், ஜூஸ் வைக்கத்தான். சதுரமானது இன்னும் மோசம். அழுத்தம் மூலைகளில் சேரும்.

பெட் பாட்டில் மட்டும். அதிலும் தண்ணீர் பாட்டில் அல்ல; அடியில் ஐந்து இதழாகக் கால் உள்ள கூல்டிரிங்க்ஸ் பாட்டில். மூடியின் உள் வளையம் கிழியாமல் இருக்க வேண்டும். கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும். பாத்திரச் சோப்பில் கழுவி, வினிகர் கலந்த நீரில் அலசி, கவிழ்த்து வையுங்கள். அடைத்த பாட்டில்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட்டில் நிறுத்தினால், எதுவானாலும் சமையலறை தப்பும். விறைத்த பாட்டிலைச் சூடாக இருக்கும்போது ஆட்டவோ சட்டெனத் திறக்கவோ கூடாது. முதலில் குளிரவையுங்கள், பிறகு மூடியைக் கால் திருகு திருகி இஸ்ஸ் என்ற சத்தம் அடங்கும்வரை நிறுத்தித் திருகுங்கள்.

கேள்வி கேட்டவர்: வேலந்தாவளத்தான்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஜாடியை மச்சுக்குக் கீழே மாத்தியாச்சு, பாதியைக் கொட்டி நீங்க சொன்ன மாதிரி செஞ்சிருக்கேன். வீட்டுக்கு சோடா கலக்கற வழியேதான் எடுத்துக்கறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். உறை தயாரானப்புறம் வாரம் ஒருமுறைதான் பானம் போடுவேன், அதுவரைக்கும் தினம் இஞ்சி துருவிக்கிட்டே இருக்கணுங்களா? ஈஸ்ட் பாக்கெட் வாங்கிப் போட்டா இந்தத் தொல்லையே இல்லாமப் போகுமா?

பதில்: கூடலூர் இஞ்சிமூட்டை

தினம் வேண்டாம். நல்லாப் பொங்குனதும் மூடியை இறுக்காம ஃபிரிட்ஜ்ல வைங்க. வாரம் ஒருமுறை இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன் போதும். பானம் போடறதுக்கு முந்தின நாள் காலைல வெளியே எடுத்து அதே தீனி குடுங்க, மறுநாள் கலக்குனா சத்தம் வரணும். வரலைன்னா இன்னொரு நாள் விட்டுப் பாருங்க, தூங்கற உறையை ஊத்தாதீங்க. எடுத்த அளவுக்குக் கொதிச்சாறின தண்ணி விட்டு நிரப்பிக்குங்க. பழைய துருவல் ஜாடில பாதிக்கு மேல சேர்ந்தா வடிச்சு எறியணும், இல்லைன்னா கசப்பு இறங்கும். நெயில் பாலிஷ் வாசம் வந்தா தீனி பத்தலை, இல்ல சூடு அதிகம்னு அர்த்தம். வினிகர் வாசம் தூக்கலா வந்தா அதைச் சமையலுக்கு வெச்சுட்டுப் புது ஜாடி ஆரம்பிங்க.

பேக்கரி ஈஸ்ட் போடலாம். 2 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்ல எட்டுல ஒரு பங்கு, அதுக்கு மேல வேண்டாம். வேகமா விறைக்கும், அதனால பாட்டிலை ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா அழுத்திப் பாருங்க. புளிப்பு இருக்காது, ரொட்டி வாசம் கொஞ்சம் வரும். எலுமிச்சை ஒண்ணு கூடப் பிழிஞ்சா சரியாகும்.